எங்கள் வீட்டு "ஹீட்டர்" பற்றி, கேட்டவருக்கும் கேட்காதவர்களுக்கும்

கொழும்பிலிருந்து ஒருவர் மெசேஜ் போட்டிருந்தார். பழைய ஒலிக் கருவிகள் சேகரிப்பவராம். எங்கள் வீட்டில் இருக்கும் குவாட் தட்டை ஸ்பீக்கர் சோடியை வாங்க விருப்பம் என்றார். விலையும் சொன்னார். கூடவே ஒரு கேள்வி: "வைத்திருந்து கேட்டவர்கள் நீங்கள்தானே, எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள்."

நாலு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். இரண்டு பேருமே படிப்பிக்கிறவர்கள். பத்தனை கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். எங்களில் ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் தமிழ். வீட்டில் வாப்பா, உம்மா, எங்கள் மகள். வாப்பா எங்களில் ஒருவருக்குத்தான் வாப்பா, மற்றவருக்கு மாமா. ஆனால் இந்தப் பதிவில் வாப்பா என்றே எழுதுகிறோம். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

வாப்பா மஸ்கெலியாவில் ரேடியோ திருத்தியவர். அவருடைய வாப்பாவும் அதே தொழில்தான். முதல் கடை பழைய பஜாரில் இருந்தது. அந்தப் பஜார் இப்போது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில். 1969இல் அணை கட்டி முடிந்தபோது பழைய டவுன் முழுவதும் தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். நாடே வந்து படம் எடுத்துக்கொண்டு போகும். வாப்பா படம் எடுக்கமாட்டார். ஓரிடத்தைக் கைகாட்டி, "அந்தா, அங்கினதான் நம்மட கடை" என்பார். எங்களுக்குத் தெரிவது சேறு மட்டும்தான்.

கடை புது டவுனுக்கு வந்து சில வருஷத்தில் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரைமார் பலர் பெட்டி கட்டினார்கள். பங்களாச் சாமான்கள் விலைபோயின. பியானோ, பீங்கான், நாய்க்கூடு, எல்லாம்தான். அப்படி ஒரு பங்களாவிலிருந்து வந்ததுதான் இந்தச் சோடி. என்ன விலைக்கு வாங்கினார் என்பதை வாப்பா இன்றைக்கும் உம்மாவிடம் சொல்லவில்லை.

இனி ஸ்பீக்கரைப் பற்றி.

இது இங்கிலாந்தில் பீட்டர் வோக்கர் என்பவர் செய்தது. ஹன்டிங்டன் என்ற ஊரில் அவருடைய கம்பனி. 1957இல் விற்பனைக்கு வந்து 1985 வரை செய்தார்கள். இரண்டரை அடி உயரம், கிட்டத்தட்ட மூன்றடி அகலம், கொஞ்சம் வளைந்த வெண்கல நிறத் தகட்டுச் சல்லடை, கீழே மூன்று குட்டி மரக்கால்கள். பார்த்தவுடன் யாருக்கும் ஸ்பீக்கர் என்று தோன்றாது. ஹீட்டர் என்றே தோன்றும். அதுவும் எங்கள் ஊர்க் குளிருக்கு!

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேர் வந்தார். மழையில் நனைந்திருந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் அதற்கு முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் சூடாகல்ல போல" என்றார். இன்னொரு நாள் உறவுக்காரர் ஒருவர் ஈரக் குடையை விரித்து அதன்மேல் சாய்த்து வைத்தார். அப்போதுதான் எங்களுக்குப் பதறிப்போனது. காரணம் அதன் உள்ளே இருக்கும் வோல்ட்டேஜ்.

சாதாரண ஸ்பீக்கரில் என்ன நடக்கிறது? ஒரு பெட்டி. அதில் ஒரு கடதாசிக் கூம்பு. பின்னால் கம்பிச்சுருள், காந்தம். கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பெட்டியும் சேர்ந்து அதிர்கிறது. ஆகவே பாடகரின் குரலோடு பலகைப் பெட்டியின் குரலையும் கொஞ்சம் கேட்கிறோம்.

இதில் பெட்டி இல்லை, கூம்பு இல்லை, காந்தமும் இல்லை. ஷொப்பிங் பேக்கைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. அதற்கு முன்னும் பின்னும் ஓட்டை போட்ட தகடுகள். சவ்வுக்கு உயர் அழுத்த மின்னேற்றம் கொடுத்திருக்கும். நடுவில் இருக்கும் கீச்சுக்குரல் பகுதிக்கு ஏறக்குறைய 1,500 வோல்ட், இரண்டு பக்கமும் இருக்கும் கனகுரல் பகுதிகளுக்கு ஏறக்குறைய 6,000 வோல்ட். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் சமிக்ஞை தகடுகளுக்குப் போகும்போது சவ்வு ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் தள்ளுபடும். தரம் ஆறு பிள்ளைகளுக்குச் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளைத் தூக்கிக் காட்டுகிறோமே, அதே நிலைமின் விசைதான். அந்தச் சீப்பு பாட்டுப் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி.

இதனால்தான் இந்த ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்டும் வேண்டும். ஸ்விட்ச் போட்டு, மின்னேற்றம் நிரம்பக் கொஞ்ச நேரம் விட்டால்தான் முழுக்குரல் வரும். 2022இல் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் இரண்டும் சும்மா நின்றன. வாப்பா பேட்டரி ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்.

வருஷக் கணக்கில் இந்தச் சோடி கடையின் பரணில் சாக்குக்குள் கிடந்தது. ஒன்று குரல் தேய்ந்து போயிருந்தது. கடையை மூடி, நாங்களும் வேலைக்கு வந்த பிறகு, 2018இல் வாப்பா அதை இறக்கினார். உயர் அழுத்தம் உண்டாக்கும் பகுதியில் டயோட்டுகளும் கெப்பாசிட்டர்களும் வயதாகியிருந்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்தார். மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு இடமில்லை. பிளக்கைக் கழற்றி ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். "இது தேயிலை இல்ல புள்ள, கொதிக்க வச்சுக் குடிக்க. ஒரு தரம் தொட்டா போதும்" என்றார்.

முதலில் அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத் போட்டோம். ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் போவார் என்பது தெரிந்ததுதானே. ஆனால் அந்த மூச்சை இழுக்கும் சத்தம் எங்களுக்கு முதல் தடவையாகக் கேட்டது. பிறகு நாகூர் ஹனிபா. எத்தனையோ நோன்புக் காலம் பள்ளிவாசல் ஹோர்னிலும் கடைத்தெருவிலும் கேட்ட குரல். இங்கே அவர் ஹோலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேறு வார்த்தை தெரியவில்லை. தமிழ் படிப்பிக்கும் எங்களில் ஒருவருக்கே தெரியவில்லை.

இனி குறைகள். வாங்குபவர் இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும்.

ஒன்று, இடம். இந்த ஸ்பீக்கர் முன்பக்கம் பேசுவது போலவே பின்பக்கமும் பேசும். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் போன சத்தம் திரும்பி வந்து முன்சத்தத்தைக் குழப்பும். குறைந்தது மூன்று நான்கு அடி தள்ளி வைக்க வேண்டும். எங்கள் ஹோல் 14 அடிக்கு 10 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். செட்டியைச் சுவரோடு தள்ளினோம். குசினிக்குப் போகிறவர்கள் ஹனிபாவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

ஆனால் இதிலேயே ஒரு நன்மையும் உண்டு. முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் பக்கவாட்டில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பக்கவாட்டில் சத்தம் மிகக் குறைவு. பக்கத்தில் போய் நின்றால் யாரோ வொல்யூமைக் குறைத்துவிட்டது போல இருக்கும். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பிள்ளை இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறது. அந்தச் சுவர் பக்கவாட்டில் வரும்படி ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தோம். பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு காம்பராவில் இருமினால் ஆறு காம்பராவுக்கும் கேட்கும் இடம் அது.

இரண்டு, பலம். பறை, தவில், புதுப்பட டும்டும் எல்லாம் இதில் எதிர்பார்க்கக் கூடாது. அடிச்சத்தம் வரும், ஆனால் நெஞ்சில் இடிக்காது. வீறாப்பாக வொல்யூமைக் கூட்டினால் உள்ளே பொறி பாய்ந்து சவ்வு ஓட்டையாகிவிடும். 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் காலத்துக்குச் செய்த சாமான். வாப்பா எங்கள் சின்ன ஆம்ப்ளிஃபையரின் குமிழில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் திரும்பாது. கல்யாண வீட்டுக்கு இது ஆகாது.

மூன்று, காலநிலை. மஸ்கெலியாவில் மே தொடக்கம் செப்டம்பர் வரை துணி காயாது. அந்த ஈரத்தில் மின்னேற்றம் கசியும். சிலுசிலு என்று, அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம் வரும். மின்னேற்றம் தூசியையும் இழுக்கும். நாங்கள் மழைக்காலத்தில் துணி போர்த்தி வைக்கிறோம். தவிரவும் எங்களுடையது தகரக் கூரை. ஜூன் மாத மழையில் ஹனிபா என்ன, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கொழும்பில் ஏ.சி. அறையில் இந்தச் சோடி எங்களிடம் இருந்ததைவிடச் சுகமாக இருக்கும்.

நான்கு, இதுதான் முக்கியம். இந்த ஸ்பீக்கர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சரியாகப் பாடும். இரண்டுக்கும் நடுவில், முக்கோணத்தின் மூன்றாம் முனையில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெளிவு. தலையை ஒரு சாண் நகர்த்தினால் குரல் மங்கும். எழுந்து நின்றால் இன்னும் மங்கும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாற்காலி!

கனடாவில் இருக்கும் எங்கள் கல்லூரித் தோழர் ஒருவரிடம் மெக்னப்பேன் என்ற அமெரிக்கத் தட்டை ஸ்பீக்கர் இருக்கிறது. 1969இல் ஜிம் வைனி என்பவர் மினசோட்டாவில் தொடங்கிய கம்பனி. அதில் உயர் அழுத்தம் இல்லை. சவ்வில் கம்பி ஒட்டி, பக்கத்தில் காந்தப் பட்டைகள் வைத்திருப்பார்கள். ஆள் உயரம், அறை மறைப்புப் போல நிற்கும். அதையும் சுவரிலிருந்து தள்ளித்தான் வைக்கவேண்டும், அதற்கும் நல்ல நாற்காலி ஒன்றுதான் என்கிறார். ஆனால் அது நல்ல பலமான ஆம்ப்ளிஃபையர் கேட்குமாம். எங்களுடையது அதற்கு நேர்மாறு. அவர் சொன்ன ஒரு வார்த்தை எங்களுக்குப் பிடித்தது: "பெட்டி ஸ்பீக்கர் பாட்டைக் கொண்டுவந்து தரும். இது கதவைத் திறந்துவிடும்."

எங்கள் வீட்டு நாற்காலி வாப்பாவுடையது. அதில் பேச்சே இல்லை. அந்த நாற்காலியால்தான் எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது.

போன வருஷத்திலிருந்து வாப்பா டீவிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். டெலிபோனில் "ஆ? ஆ?" என்பார். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தால் அப்துல் ஹமீத் அவர்களின் பழைய வானொலி ஒலிப்பதிவு ஒன்றை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வார். "பாத்தீங்களா, எனக்குக் காது நல்லம். நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க" என்பார். விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களில் ஒருவருக்கு இது புதிராக இருந்தது.

காதைப் பரிசோதித்து வரைபடம் தந்தார்கள். கோடு இடது பக்கம் மேட்டில் தொடங்கி வலது பக்கம் பள்ளத்தில் விழுந்தது, எங்கள் ஊர் மலைச்சரிவு போல. வயதானால் உயர்ந்த சுரங்கள்தான் முதலில் போகும். ச, ஸ், த, ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அந்த நாற்காலியில் மட்டும் அவருக்கு ஏன் விளங்கியது என்பதற்கு எங்கள் கணக்கு இது: இந்த ஸ்பீக்கர் குரல் பகுதியைப் பெட்டிக் கலப்பில்லாமல் தருகிறது, மெல்லிய ஒலிகளை நேரே அந்த ஒரு நாற்காலியை நோக்கி அனுப்புகிறது, வானொலிக்காரர்களும் சொல்லை வெட்டி வெட்டிப் பேசுகிறவர்கள். அறுபது வருஷம் பழகிய குரல் வேறு.

ஆனால் எங்கள் மகள் வானொலி அறிவிப்பாளர் இல்லை. அவளுக்கு ஏழு வயது, சின்னக் குரல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூத்தவாப்பாவிடம்தான் கதை சொல்வாள். யார் யாரை அடித்தது, யார் யாருடைய ரப்பரை எடுத்தது, எல்லாம். அவர் இரண்டு தரம் "ஆ?" என்பார், மூன்றாம் தரம் விளங்கியது போலச் சிரிப்பார். பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு விளங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அவள் அவரிடம் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படம் கீறுகிறாள், பேசுவதில்லை.

காதுக் கருவி இரண்டு காதுக்கும் வாங்க எங்கள் இரண்டு பேரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேலே போகும். இந்த நேரத்தில்தான் கொழும்பு மெசேஜ் வந்தது. அவர் சொன்ன விலை கருவிக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும்.

எங்களுக்குள் இரண்டு கருத்து. ஒருவர் விற்கக் கூடாது, சீட்டுப் பிடித்துச் சமாளிப்போம், வாப்பாவுக்கு உள்ள ஒரே சந்தோஷம் அந்த நாற்காலிதான் என்றார். மற்றவர், சீட்டு விழும்வரை பிள்ளையும் வளர்ந்துவிடும், அந்த வயதுக் கதைகள் காத்திருக்காது என்றார். இரண்டு இரவு இதே பேச்சு. இரண்டும் சரியாகவே இருந்தது, அதுதான் கஷ்டம். காது சரியாக இருக்கும் ஆள் ஒருவர், கேட்காது என்று நாங்கள் நினைத்த ஆள், இதை எப்படியோ கேட்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு கருவியைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். வாப்பா வீட்டுக்கு வந்ததும் முறைப்பாடுதான். செருப்புச் சத்தம் பெரிசு, பேப்பர் புரட்டினால் இடி, தகரக் கூரையில் மழை விழுந்தால் தலைக்குள் விழுகிறது. பழக வாரக் கணக்கில் எடுக்கும் என்று சொல்லித்தான் தந்தார்கள். ஹனிபாவையும் போட்டுப் பார்த்தார். "தகரத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். விற்க வேண்டாம் என்ற எங்களில் ஒருவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அன்று பின்னேரம் மகள் உம்மாவிடம் ஏதோ குசுகுசுவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா அங்கிருந்தே சொன்னார்: "பிஸ்கட் மேல் தட்டில இருக்கு மகள், எடுத்துத் தரவா?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவே எங்களைக் கூப்பிட்டார். "கொழும்பாளுக்குச் சொல்லுங்க, வந்து எடுக்கச் சொல்லி. ஹனிபா ஐம்பது வருஷம் எனக்குப் பாடிட்டார். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். இவள் சொல்றது ஒண்டும் எனக்குத் தெரியாதே."

அவ்வளவுதான் பேச்சு.

ஆகவே, கேட்டவருக்கு எங்கள் பதில் இது. குரல் கேட்க விரும்புகிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இடி முழக்கம் வேண்டுமென்றால் வேண்டாம். சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பலமான ஆம்ப்ளிஃபையர் பூட்டாதீர்கள். மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைக் கழற்றி ஒரு நாள் விடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சல்லடைக்குள் கம்பி, ஊசி ஒன்றும் போகாமல் பாருங்கள். இடப்பக்கத்துச் ஸ்பீக்கரின் நடுப்பகுதி மழைக்காலத்தில் சிலுசிலுக்கும், அதை மறைக்க விருப்பமில்லை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இந்தப் பகுதிகளை இன்றும் புதுப்பித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், விலையில் அதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கொண்டுபோய்ப் பூட்டிய அன்றைக்கு முதலில் ஒரு மனிதக் குரலைப் போடவேண்டும், மெசின் சத்தத்தைப் போடக்கூடாது. ஆணி அடித்த ஆம்ப்ளிஃபையர் எங்களிடமே இருக்கட்டும்.

வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் விளங்கியது போலச் சிரிக்கத் தொடங்கினால் ஒரு தரம் காதைப் பரிசோதித்துப் பாருங்கள். டீவி கேட்கிறது, பாங்கு கேட்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். உண்மையாகவே கேட்கும். சின்னக் குரல்கள்தான் கேட்காது.

வரும் மாதம் முதல் வாரம் வேன் வரும். ஹோலில் செட்டி பழைய இடத்துக்குப் போகும். கருவி வந்து, பழகி, எப்படி இருக்கிறது என்பதை இன்னொரு நாள் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ். வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள். யாரிடமாவது பழைய இலங்கை வானொலி ஒலிப்பதிவுக் கசட்டுகள் இருந்தால் வீசிவிடாமல் கொமென்டில் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கிறது.